வெய்ன் ஷார்ட்டருக்கு ஒரு மாலை: இசையைக் கேட்டு நினைவுகூர்வது எப்படி

1959 மார்ச் 15 அன்று டெனர் சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங் நியூயார்க்கில் காலமானார். வயது 49. ஒரு வருடம் நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு, 1960 மார்ச் 6 அன்று, டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு ஓர் ஆல்பம் பதிவு செய்தது. குழுவுக்குப் புதிதாக வந்திருந்த 26 வயது டெனர் சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டர் அதற்கு ஒரு மெட்டு கொடுத்தார். 'லெஸ்டர் லெஃப்ட் டவுன்' என்று பெயர். லெஸ்டர் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார், அவ்வளவுதான். ஒப்பாரி கிடையாது, மெதுவான சோக நடை கிடையாது. அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழே இறங்கும் மெட்டு, உயரமான ஓர் ஆள் அவசரமே இல்லாமல் தெருவில் நடந்து போவதுபோல இருக்கும்.

அதே ஷார்ட்டர் 2023 மார்ச் 2 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் தன் 89வது வயதில் மறைந்தார். அவரை நினைவுகூர நண்பர்களைக் கூட்ட நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. படத்துக்கு மாலை போடுவது உங்கள் விருப்பம். இங்கே சொல்வது இரண்டு மணி நேரத்தில் முடியும் இன்னொரு மாலையைப் பற்றி: பேச்சு பத்து நிமிடம், மீதியெல்லாம் கேட்பது.

நாளும் ஆட்களும்

மறைந்த நாளான மார்ச் 2, பிறந்த நாளான ஆகஸ்ட் 25, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் நல்லது. பிறந்த நாளுக்கு வருகிறவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். ஒரு கலைஞர் இறந்த செய்தி வந்த அதே வாரத்தில் கூட்டம் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரம் எல்லோரும் ஒரே இரண்டு பாட்டையும் ஒரே நாலு புகைப்படத்தையும் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். இரண்டு, மூன்று வாரம் போனால்தான் ஆற அமரக் கேட்கும் மனம் வரும்.

வீட்டுக் கூடத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர் சரியான கணக்கு. இருபதைத் தாண்டினால் பின்வரிசையில் தனிப் பேச்சு தொடங்கும், அதை நிறுத்த முடியாது. வீட்டில் நண்பர்களோடு கேட்பதில் சிக்கல் இல்லை. பொது அரங்கு எடுத்தால் அரங்கத்தாரிடம் இசை உரிமக் கட்டணம் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனிப்பட்ட சந்தாவில் ஓடும் ஸ்ட்ரீமிங் செயலியைப் பொது இடத்தில் ஒலிக்கவிட அந்தச் சந்தா அனுமதிப்பதில்லை.

எதை வைப்பது, எந்த வரிசையில்

இந்த மாலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள். ஷார்ட்டர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தவர். எல்லாக் காலத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்தால் பத்திரிகை இரங்கல் குறிப்புபோல ஆகிவிடும், ஒன்றும் மனதில் தங்காது. அதனால் ஒரே மெட்டை, 'ஃபுட்பிரிண்ட்ஸ்' என்பதை, நடுத்தூணாக வைத்து மூன்று முறை கேட்கப் போகிறோம். மற்றவை அதைச் சுற்றி வரும்.

முதல் பாதி ஏறத்தாழ 47 நிமிடம்.

தொடக்கம் 'லெஸ்டர் லெஃப்ட் டவுன்', பிளேக்கியின் 'தி பிக் பீட்' ஆல்பத்திலிருந்து, ஆறரை நிமிடம். ஒரு சாக்ஸபோன்காரர் இன்னொரு சாக்ஸபோன்காரருக்குச் செலுத்திய அஞ்சலி என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது 'விச் ஹண்ட்', எட்டு நிமிடம். 'ஸ்பீக் நோ ஈவில்' ஆல்பத்தின் முதல் பாட்டு. நியூ ஜெர்சியில் இங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில் இருக்கும் வான் கெல்டர் ஸ்டுடியோவில், 1964 டிசம்பர் 24 அன்று பதிவானது. டிரம்பெட்டில் ஃபிரெடி ஹப்பர்ட், பியானோவில் ஹெர்பி ஹான்காக், பாஸில் ரான் கார்ட்டர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். டிரம்பெட்டும் டெனரும் சேர்ந்து ஊதும் முன்னறிவிப்போடு தொடங்கும். பேசிக்கொண்டிருப்பவர்களை அதுவே அடக்கிவிடும். இரண்டாவதாக வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, அதே ஆல்பத்தின் 'இன்ஃபன்ட் ஐஸ்', ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மகள் மியாகோவுக்காக எழுதியது. இங்கே டிரம்பெட் ஒதுங்கிக்கொள்ள, டெனர் தனியாக வரும். அறிமுகம் எதுவும் சொல்லாமல் போடுங்கள்.

பிறகு 'ஃபுட்பிரிண்ட்ஸ்' இரண்டு முறை, அடுத்தடுத்து. முதலில் 1966 பிப்ரவரியில் ஷார்ட்டரின் 'ஆடம்ஸ் ஆப்பிள்' ஆல்பத்துக்காகப் பதிவானது, ஏழரை நிமிடம். அடுத்து, அதே ஆண்டு அக்டோபரில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு, ஷார்ட்டரும் சேர்ந்து, 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்' ஆல்பத்துக்காக வாசித்தது, பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் எதையும் செருக வேண்டாம். முதலாவது காதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதல் பாதியை 'நெஃபர்டிட்டி'யில் முடியுங்கள். 1967இல் பதிவான, அதே பெயருள்ள மைல்ஸ் டேவிஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு, ஏறத்தாழ எட்டு நிமிடம். எழுதியவர் ஷார்ட்டர்.

பதினைந்து நிமிடம் இடைவேளை.

இரண்டாம் பாதி சுருக்கம், அரை மணி நேரம்தான். 1974இல் பிரேசில் பாடகர் மில்டன் நாசிமென்டோவுடன் பதிவு செய்த 'நேட்டிவ் டான்சர்' ஆல்பத்திலிருந்து 'போன்டா டி அரேயா'. ஷார்ட்டர் இதில் டெனரைவிட உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் சொப்ரானோ சாக்ஸபோன் வாசிக்கிறார். நாசிமென்டோவின் குரல் மேலே ஏறும் இடங்களில் குரல் எது, குழல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து, ஷார்ட்டரும் சேர்ந்து தொடங்கிய வெதர் ரிப்போர்ட் குழுவின் 1977 ஆல்பமான 'ஹெவி வெதர்' தொகுப்பிலிருந்து 'எ ரிமார்க் யூ மேட்', ஏழு நிமிடம். டெனரும் ஜாக்கோ பாஸ்டோரியஸின் பாஸ் கிட்டாரும் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொள்வதுபோலப் போகும். அதே 1977இல் வந்த ஸ்டீலி டான் குழுவின் 'ஏஜா' பாட்டையும் சேருங்கள். ஜாஸே கேட்டிராதவர்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கான வாசல் இது. பாட்டின் நடுவே ஷார்ட்டரின் டெனர் ஒரு பக்கமும் ஸ்டீவ் கேட்டின் டிரம்ஸ் மறுபக்கமுமாகப் பொங்கி எழும். ராக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடைசியாக மூன்றாவது 'ஃபுட்பிரிண்ட்ஸ்'. 2002இல் வெளிவந்த 'ஃபுட்பிரிண்ட்ஸ் லைவ்' ஆல்பத்தில் இருப்பது. முந்தைய இரண்டுக்கும் இதற்கும் 35 ஆண்டு இடைவெளி. டானிலோ பெரெஸ் (பியானோ), ஜான் பாட்டிடூச்சி (பாஸ்), பிரையன் பிளேடு (டிரம்ஸ்) ஆகிய மூவரும் ஷார்ட்டரும் மேடையில் வாசித்தது.

ஷார்ட்டரை அதிகம் கேட்டிராதவர்கள் ஒரு கேள்வி போடுவார்கள்: "'பேர்ட்லேண்ட்' வைக்கலையா?" அது வெதர் ரிப்போர்ட்டின் பெரிய வெற்றிப் பாட்டு, ஆனால் எழுதியவர் அதே குழுவின் ஜோ சாவினுல். 'எ ரிமார்க் யூ மேட்' பாட்டும் சாவினுலுடையதுதான். அதை ஷார்ட்டரின் டெனர் ஒலிக்காக வைக்கிறோம். அறிமுகம் சொல்லும்போது இந்த வித்தியாசத்தைக் குழப்பிவிடாதீர்கள்.

வரிசையைத் தயார் செய்யும்போது வரும் கோளாறுகள்

தலைப்பைத் தேடினால் நூறு 'ஃபுட்பிரிண்ட்ஸ்' வந்து நிற்கும். மற்ற கலைஞர்கள் வாசித்தவை, மாணவர்கள் பயிற்சிக்காகப் போட்டவை, பின்னணித் தடங்கள் எல்லாம் கலந்து வரும். பாட்டின் பெயரை வைத்துத் தேட வேண்டாம். ஆல்பத்தைத் திறந்து, அதன் உள்ளிருந்து பாட்டை எடுங்கள். மறுபதிப்புகளில் கூடுதலாக மாற்றுப் பதிவுகள் சேர்த்திருப்பார்கள், ஷார்ட்டரின் 'ஜூஜூ' ஆல்பத்தில் அப்படி உண்டு. பெயரும் ஒன்றாக இருக்கும், நீளம்தான் கொஞ்சம் மாறும். மேலே கொடுத்திருக்கும் நிமிடக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தப்பான பதிவு உடனே பிடிபடும்.

செயலியில் நான்கு இடங்களைத் தொட வேண்டும். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இதை மறந்தால் 'இன்ஃபன்ட் ஐஸ்' அடங்கும் இடத்திலேயே அடுத்த பாட்டின் பாஸ் நுழைந்துவிடும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். வரிசை முடிந்ததும் தானாக வேறு எதையோ ஓட்டும் ஆட்டோபிளேயை அணையுங்கள். அதை விட்டுவைத்தால் கடைசிப் பாட்டு முடிந்த மூன்றாவது நொடி யாரோ ஒருவரின் மென்சாக்ஸபோன் உணவகப் பாட்டு ஆரம்பிக்கும், இரண்டு மணி நேர உழைப்பு அங்கேயே போச்சு. நான்காவது, ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி. ஒரே ஆல்பத்தை முழுசாகக் கேட்கும்போது அதை அணைப்பதுதான் முறை. இங்கே 1960 முதல் 2002 வரை ஒன்பது ஆல்பங்களிலிருந்து எடுப்பதால், இன்றைக்கு மட்டும் போட்டுவையுங்கள். பாட்டுகளைத் தரவிறக்கம் செய்துகொண்டு போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். 'நெஃபர்டிட்டி' நடுவில் யாருடைய அழைப்பு மணியும் வரக் கூடாது, முக்கியமாக உங்களுடையது.

கூடம்

இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் இரண்டு முதல் இரண்டரை மீட்டர் இடைவெளி. உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கட்டும். பின்சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் குமுறும். ரான் கார்ட்டரின் விரல் எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வெறும் 'டும் டும்' மட்டும் கேட்கும்.

பழைய ஸ்டீரியோ பதிவுகளில் ஒரு தொல்லை உண்டு. 1960களின் ஜாஸ் பதிவுகள் பலவற்றில் கருவிகளை இடம், வலம் என்று அடியோடு பிரித்து வைத்திருப்பார்கள். நடுவில் உட்கார்ந்தவருக்கு அது அழகு. சுவரோரம் உட்கார்ந்தவருக்கோ பாதிக் குழுதான் கேட்கும். பன்னிரண்டு பேரையும் நடுவில் உட்காரவைக்க முடியாது. அதனால் போனின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்று இருப்பதைப் போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு அதை அணைத்துவிடலாம், பிந்தைய பதிவுகளில் இந்தப் பிரிவினை இல்லை.

ஒலி அளவு நாற்காலியில் 75 முதல் 80 டெசிபல். போனில் அளவுமானி செயலி போட்டுப் பார்த்தால் போதும். எல்வின் ஜோன்ஸின் சிம்பல் ஓசை காதை உறுத்தாமலும், அதே சமயம் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டியதாகவும் இருக்க வேண்டும். 'விச் ஹண்ட்' வைத்து அளவைப் பிடித்துக்கொண்டால் அதன் பிறகு தொட வேண்டாம். கடைசி 'ஃபுட்பிரிண்ட்ஸ்' மேடைப் பதிவு. அதில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடையே தூரம் அதிகம். சத்தம் தணியும் இடத்தில் "கேட்கலையே" என்று யாராவது கூட்டச் சொல்வார்கள். கூட்டிவிட்டால், பிரையன் பிளேடு டிரம்ஸை ஒரு அடி அடிக்கும்போது எல்லோரும் துள்ளி விழுவார்கள்.

மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். கூடத்திலேயே பிரிட்ஜ் இருந்தால் அதன் பக்கம் யாரையும் உட்காரவைக்காதீர்கள். தின்பதற்கு முறுக்கும் சிப்ஸும் வேண்டாம். 'இன்ஃபன்ட் ஐஸ்' ஓடும்போது ஒரு முறுக்கு உடையும் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது அப்போதுதான் தெரியும். சுண்டல், கேசரி, பழம் என்று சத்தமில்லாதவை போதும், அதுவும் இடைவேளையில்.

கையில் கொடுக்கும் தாள்

பேச்சைக் குறைக்க ஒரே வழி, சொல்ல வேண்டியதை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுப்பது. அரைத் தாள் போதும். மாதிரிக்கு:

"வெய்ன் ஷார்ட்டர். பிறப்பு: 1933 ஆகஸ்ட் 25, நியூவர்க், நியூ ஜெர்சி. மறைவு: 2023 மார்ச் 2, லாஸ் ஏஞ்சல்ஸ். டெனர், சொப்ரானோ சாக்ஸபோன், இசையமைப்பாளர். 1959 முதல் 1964 வரை ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ். 1964 முதல் மைல்ஸ் டேவிஸ் குழு. 1970இல் ஜோ சாவினுல், மிரோஸ்லாவ் விட்டூஷ் ஆகியோருடன் வெதர் ரிப்போர்ட். 2000 முதல் பெரெஸ், பாட்டிடூச்சி, பிளேடு ஆகியோருடன் நால்வர் குழு."

இதன் கீழே பாட்டு வரிசை: பெயர், பதிவான ஆண்டு, வாசித்தவர்கள். தாளின் பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள், கேட்பவர்கள் எதையாவது கிறுக்கிக்கொள்ள.

இங்கே வழக்கமாக நான்கு தவறுகள் வரும். பதிவான ஆண்டும் வெளிவந்த ஆண்டும் ஒன்றல்ல: 'ஸ்பீக் நோ ஈவில்' 1964இல் பதிவாகி 1966இல் வந்தது, 'தி சூத்சேயர்' 1965இல் பதிவாகி 1979 வரை அலமாரியில் கிடந்தது. தாளில் எந்த ஆண்டைப் போட்டாலும் எல்லாப் பாட்டுக்கும் அதே முறையில் போடுங்கள். இரண்டாவது, 'மைல்ஸ் டேவிஸின் சாக்ஸபோன்காரர்' என்றதும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை ஷார்ட்டர் கணக்கில் எழுதிவிடுவார்கள். அது 1959. அதில் இருந்தவர்கள் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும். ஷார்ட்டர் வந்தது ஐந்து வருடம் கழித்து. மூன்றாவது, புகைப்படம். சொப்ரானோ சாக்ஸபோன் பெரும்பாலும் நேராக இருக்கும், அதைப் பார்த்ததும் கிளாரினெட் என்று எழுதிவிடுவார்கள். கறுப்பு மரக்குழல் கிளாரினெட், பளபளக்கும் பித்தளை சொப்ரானோ. நான்காவது கிராமி எண்ணிக்கை. போட்டிப் பிரிவுகளில் அவர் வென்றவை 12. கடைசியானது 2023 பிப்ரவரியில், மறைவதற்குச் சில வாரம் முன்னால் வந்தது. வாழ்நாள் சாதனை விருது இந்தக் கணக்கில் சேராது.

யாராவது பேசியே ஆக வேண்டும் என்றால் மூன்று நிமிடம், இடைவேளைக்கு முன் ஒருவர், பின் ஒருவர். வாழ்க்கை வரலாறு ஏற்கனவே தாளில் இருக்கிறது, அவர் ஒரு பாட்டில் ஒரு இடத்தைப் பற்றி மட்டும் பேசட்டும்.

எதைக் கவனிக்கச் சொல்வது

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒரு வேலை கொடுங்கள். இரண்டு கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

'இன்ஃபன்ட் ஐஸ்' பாட்டில் கணக்கு ஒளிந்திருக்கிறது. இந்த மாதிரி மெதுவான பாட்டுகளில் ஒரு வாக்கியம் எட்டு அளவுகளில் ('பார்' எனப்படும் தாளக் கூறுகளில்) முடிவதுதான் வழக்கம். ஷார்ட்டர் ஒவ்வொன்றையும் ஒன்பது அளவாக எழுதினார், மூன்று ஒன்பது, மொத்தம் 27. மூச்சு விடும் இடம் ஓர் அளவு தள்ளிப் போகிறது. கணக்கு தெரியாதவருக்கும் 'முடியப் போகிறது, இன்னும் முடியவில்லை' என்ற ஓர் ஏக்கம் வருமே, அது வருவது அங்கிருந்துதான். இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பாட்டு முடிந்த பிறகு சொன்னால் "இன்னொரு தரம் போடுங்க" என்பார்கள். போடுங்கள், ஏழு நிமிடம்தானே.

'ஃபுட்பிரிண்ட்ஸ்' தாளம் போட ஏற்றது. ப்ளூஸ் வடிவத்தை மூன்றின் நடையில் எழுதியிருக்கிறார். சுருதி சி மைனர். பாஸ் ஒரு சிறு சுழலைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தொடையில் ஆறு எண்ணச் சொல்லுங்கள். 'ஆடம்ஸ் ஆப்பிள்' பதிவில் கடைசி வரை கை தவறாது. 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்' பதிவில் டிரம்ஸ் வாசிக்கும் டோனி வில்லியம்ஸ் திஸ்ரத்தை (மூன்றின் நடை) சதுஸ்ரமாக்கி (நான்கின் நடை), மறுபடி திஸ்ரத்துக்குக் கொண்டுவந்து விளையாடுவார். கூடத்தில் பாதிப் பேர் கை அந்தரத்தில் நிற்கும். யார் கை எங்கே நின்றது என்று பார்ப்பதே ஒரு வேடிக்கை. கர்நாடக சங்கீதத்தில் நடை மாற்றம் கேட்டுப் பழகியவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். வித்தியாசம் என்னவென்றால், இங்கே யாரும் முன்கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு வரவில்லை.

'நெஃபர்டிட்டி' ஓடும்போது கண்டிப்பாக ஒருவர் "ரிப்பீட்ல மாட்டிக்கிச்சா?" என்று போனைப் பார்ப்பார். இந்தப் பாட்டில் டிரம்பெட்டுக்கும் டெனருக்கும் தனி வாசிப்பே இல்லை. 16 அளவு மெட்டை இருவரும் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டே இருக்க, அடியில் டிரம்ஸும் பாஸும் பியானோவும் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறாகின்றன. வழக்கமான ஜாஸைத் தலைகீழாகப் புரட்டிய ஏற்பாடு. 'டிரம்ஸை மட்டும் கேளுங்கள்' என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் போடுங்கள். கூர்ந்து கேட்டால் இன்னொன்றும் தெரியும்: டிரம்பெட்டும் டெனரும் சில சுற்றுகளில் ஒட்டாமல், ஒன்று மற்றதன் எதிரொலிபோல அரை மூச்சு பிந்தி வரும். அது பிசகு இல்லை, வேண்டுமென்றே விட்ட இடைவெளி.

மூன்றாவது 'ஃபுட்பிரிண்ட்ஸ்' போடும்போது தாளை மூடிவைக்கச் சொல்லி, 'மெட்டு உங்களுக்குத் தெரியும், எங்கே வருகிறது என்று பாருங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். முதல் பாதியில் இரண்டு முறை கேட்டதன் பலன் இங்கேதான் கைக்கு வரும். இந்த நால்வர் குழு தெரிந்த மெட்டைத் தெரிந்த மாதிரி வாசிக்கிற குழு அல்ல.

நேரில் வாசிக்க ஆள் கிடைத்தால்

கூட்டத்தில் சாக்ஸபோன் வாசிப்பவர் ஒருவர் இருந்தால் இடைவேளை முடிந்ததும் ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லலாம். அதற்கு 'ஃபுட்பிரிண்ட்ஸ்' தோதானது, 'இன்ஃபன்ட் ஐஸ்' அல்ல. பிந்தையதில் ஒன்பதாவது அளவில் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். பியானோ அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும், சாக்ஸபோன் இன்னும் முந்தையதில் இருக்கும்.

பலரும் இடறுவது சுருதி மாற்றத்தில். டெனரும் சொப்ரானோவும் பி ஃபிளாட் கருவிகள், அதாவது அவற்றில் சி வாசித்தால் பியானோவின் பி ஃபிளாட் ஒலிக்கும். பியானோவின் சி மைனர் அவர்களுக்கு டி மைனர். ஆல்ட்டோ சாக்ஸபோன் இ ஃபிளாட் கருவி, அதற்கு ஏ மைனர். பியானோவுக்கு எழுதிய தாளை அப்படியே டெனர்காரர் கையில் கொடுத்தால் முழுச் சுரம் கீழே ஒலிக்கும். ஒத்திகையில் "ஏதோ இடிக்குதே" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். யாருக்கு எந்தத் தாள் என்று முன்பே எழுதி வையுங்கள்.

வடிவம் எளிது. மூன்று எண்ணிக்கை அளவாகக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்கு 24: எட்டு சி மைனர், நான்கு எஃப் மைனர், மறுபடி நான்கு சி மைனர், நான்கு திருப்பம், கடைசி நான்கு சி மைனர். அந்தத் திருப்பத்தின் நாலு அளவுதான் கஷ்டம், கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) வேகமாக மாறும். வாசிப்பவர் புதியவர் என்றால் அங்கே நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், கேட்கவும் நன்றாகவே இருக்கும். மெட்டு இரண்டு தடவை, தனி வாசிப்பு மூன்று சுற்று, மெட்டு இரண்டு தடவை என்று வைத்தால் ஆறு நிமிடத்துக்குள் முடியும்.

ஏசி போட்ட அறை என்றால் கருவி குளிர்ந்து சுருதி கீழே இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் வேறு அறையில் ஊதிச் சூடேற்றிக்கொண்டு வந்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். பியானோவில் ஏ கொடுத்தால் டெனரில் பி, ஆல்ட்டோவில் எஃப் ஷார்ப். சுருதி குறைவாக இருந்தால் வாய்ப்பகுதியை உள்ளே தள்ளுங்கள், அதிகமாக இருந்தால் வெளியே இழுங்கள். இடைவேளையில் ரீட் (வாய்ப்பகுதியில் பொருத்தும் நாணல் பட்டை) காய்ந்துவிடும். காய்ந்த ரீடில் முதல் சுரமே கீச்சிடும், வாயில் வைத்து ஒரு நிமிடம் நனைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

மைக் வேண்டாம். வீட்டுக் கூடத்தில் டெனருக்கு மைக் வைப்பது கோயில் மணிக்கு மைக் வைப்பதுபோல.

வேறு கலைஞர்களுக்கு

இதே ஏற்பாட்டை மற்ற சாக்ஸபோன் கலைஞர்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வரிசையை மட்டும் அப்படியே நகலெடுக்காதீர்கள். 2022 செப்டம்பர் 24 அன்று மறைந்த ஃபாரோ சாண்டர்ஸுக்கு மாலை வைத்தால் எட்டுப் பாட்டுக்கு இடமில்லை. 1969இல் வந்த 'கர்மா' ஆல்பத்தின் 'தி கிரியேட்டர் ஹாஸ் எ மாஸ்டர் பிளான்' ஒன்றே அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். அந்தக் கால இசைத்தட்டில் அதை இரண்டு பக்கமாக வெட்டித்தான் போட முடிந்தது. இன்றைக்கு வெட்டாமல் போடுங்கள், தரையில் பாய் விரியுங்கள். 2024 நவம்பர் 9 அன்று 98 வயதில் மறைந்த லூ டொனால்ட்சன் ஆல்ட்டோ, ப்ளூஸும் ஆர்கனுமாக ஆட்டம் போடவைப்பவர். அவருக்கு நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, முறுக்கும் கொடுக்கலாம்.

பென்னி கோல்சன் 2024 செப்டம்பர் 21 அன்று, 95 வயதில் மறைந்தார். ஷார்ட்டர் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, 1958இல், ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் டெனர் வாசித்து, அந்தக் குழுவுக்கு மெட்டும் எழுதிக் கொடுத்தவர். அவர் மெட்டுகளை மற்றவர்கள் வாசித்ததே ஒரு பெருங்கடல். அதனால் பாதி அவர் வாசித்தது, பாதி மற்றவர்கள் வாசித்தது என்று பிரியுங்கள். டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுன் 1956 ஜூன் 26 அன்று 25 வயதில் கார் விபத்தில் இறந்தபோது, கோல்சன் அவருக்காக 'ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்' எழுதினார். அதை 1957 மார்ச்சில் 18 வயது லீ மார்கன் டிரம்பெட்டில் வாசித்த பதிவு இருக்கிறது, டெனரில் கோல்சனே இருக்கிறார். அவருக்கான மாலையில் முதலில் வைக்க வேண்டியது அது.